இரண்டு முடிச்சுக் கல்யாணம்

போன மாதம் இந்தப் பக்கத்தில், போகிற போக்கில் நான் எழுதிய ஒரு வாக்கியத்துக்காக ஓர் அன்பர் என்னைக் கண்டித்து நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். "பாங்கிக் கம்ப்யூட்டர்களின் சத்தியத்தை நான் முழுக்க நம்புவதில்லை" என்பது அந்த வாக்கியம். அன்பர் ஸாஃப்ட்வேர் எஞ்சினீயர். பதினெட்டு வருஷ அநுபவம் உள்ளவர். "கதை எழுதுகிற உங்களுக்கு இந்த விஷயம் எதற்கு? பாங்கிகளின் தரவுத்தளங்கள் நான்கு குணங்களைக் கொண்டவை. அந்த நான்கும் இருக்கிறவரை கணக்குத் தப்பவே தப்பாது. தெரியாததை எழுதி ஜனங்களைப் பயமுறுத்த வேண்டாம்" என்பது கடிதத்தின் சாரம்.

பயமுறுத்தும் உத்தேசம் எனக்கு இல்லை. அந்த வாக்கியத்தை வாபஸ் வாங்கும் உத்தேசமும் இல்லை. அதை நான் எழுதக் காரணமாக இருந்தவள் என் அத்தை. முதலில் அவள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அத்தைக்கு எழுபத்தாறு வயது. மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறாள். மாமா போன பிறகு வருகிற குடும்பப் பென்ஷன்தான் ஜீவனம். ஒரு மாதம் ஏ.டி.எம். யந்திரத்தில் எட்டாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறாள். யந்திரம் உறுமிற்று, கடகடத்தது, பிறகு மௌனமாகிவிட்டது. பணமும் வரவில்லை, சீட்டும் வரவில்லை. வீட்டுக்கு வந்தால், எட்டாயிரம் எடுக்கப்பட்டதாகக் கைப்பேசியில் செய்தி. மறுநாள் நான் போனபோது தலையணை உறையைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசிப் பானையில்கூடக் கையை விட்டுத் தேடியாகிவிட்டதாம்.

"மிஷின் குடுத்துட்டேன்னு சொல்லுதே தம்பி. அது பொய் சொல்லுமா? நான்தான் எங்கேயோ கைமறதியா வெச்சிருக்கேன்."

பாங்கிக்கு அழைத்துப் போனேன். கவுண்டரில் இருந்த இளைஞர் மரியாதைக்காரர். அத்தைக்கு நாற்காலி போடச் சொன்னார். திரையைப் பார்த்தார். "சிஸ்டத்துல ஸக்ஸஸ்னு இருக்கு ஸார். பணம் வந்திருக்கணும். அம்மா நல்லா யோசிச்சுப் பார்க்கட்டும்" என்றார். புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். நாலாம் நாள் எட்டாயிரமும் கணக்கில் திரும்ப ஏறிவிட்டது. ஏன் போயிற்று, எப்படி வந்தது என்று யாரும் சொல்லவில்லை.

சட்டப்படி அந்தப் பாங்கி தவறு செய்யவில்லை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. ஏ.டி.எம். பணம் தராமல் கணக்கில் கழித்துவிட்டால் ஐந்து நாளைக்குள் திருப்பித் தரவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. யூ.பி.ஐ.யில் ஒருவர் கணக்கில் கழிந்து மற்றவர் கணக்கில் ஏறாமல் போனால் மறுநாளே சரிசெய்ய வேண்டும். கணக்குத் "தப்பவே தப்பாது" என்று எழுதிய அன்பரை நான் ஒன்று கேட்கிறேன். நடக்காத காரியத்துக்கு யாராவது சட்டம் போடுவார்களா?

எட்டாயிரம் ரூபாயைப்பற்றி எனக்கு வழக்கு இல்லை. ஐம்பது வருஷமாகப் பால் கணக்கு, வாடகைக் கணக்கு, வண்ணான் கணக்கு எதிலும் காலணா பிசகாத ஒருத்தி நாலு நாள் தன் புத்தியைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அதுதான் என் வழக்கு.

இனி அந்த நான்கு குணங்களைப் பார்ப்போம். எஞ்சினீயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். தாலி கட்டுகிற தேசத்தில் இது யாருக்கும் புரியாத தத்துவம் அல்ல.

பரிவர்த்தனை என்ற எண்ணத்துக்கு முறையான இலக்கணம் வகுத்தவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே என்ற அமெரிக்கர். 1981இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் கல்யாணத்தைத்தான் உதாரணம் காட்டுகிறார். பாதிரியார் மணமகனைக் கேட்கிறார், மணமகளைக் கேட்கிறார். இருவரும் சம்மதம் என்ற பிறகுதான் தம்பதி என்று அறிவிக்கிறார். ஒருவர் தலையசைக்காவிட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இரண்டு முடிச்சோடு நிற்கிற கல்யாணம் என்று ஒன்று கிடையாது. மூன்றும் விழுந்தால் கல்யாணம்; இல்லாவிட்டால் அவள் இன்னும் அவள் அப்பாவின் பெண். என் கணக்கில் கழிப்பது ஒரு முடிச்சு, உங்கள் கணக்கில் ஏற்றுவது இன்னொரு முடிச்சு. இரண்டும் நடக்கவேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக் கூடாது. இதை அணுத்தன்மை என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அணுவைப் பிளந்து எத்தனையோ வருஷமான பிறகு இந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. பிளவாமை என்று சொல்லுகிறேன்.

மற்ற மூன்றும் முரணின்மை, தனிமை, நிலைபேறு. 1983இல் ஹேர்டர், ராய்ட்டர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் நான்கின் இங்கிலீஷ் முதலெழுத்துகளையும் கோத்து "ஆஸிட்" என்று பெயர் சூட்டினார்கள். திராவகம்! படித்தவர்களின் வேடிக்கை. திராவகத்தில் போட்டால் தங்கம் நிற்கும், பித்தளை நிற்காது என்ற அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பிளவாமையையும் நிலைபேற்றையும் காப்பாற்றுகிற உபாயம் நம் பழைய மண்டிக்கடைக் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்ததுதான். பேரேட்டைத் தொடுவதற்கு முன் சிட்டையில் எழுது. இன்னது செய்யப் போகிறேன் என்பதை முதலில் வட்டில் உள்ள சிட்டையில் பதிந்துவிட்டுத்தான் யந்திரம் கணக்கைத் திருத்துகிறது. நடுவில் மின்சாரம் போய்விட்டால், வந்தவுடன் சிட்டையைப் பிரித்து, எழுதியதை எல்லாம் முதலிலிருந்து மறுபடி நடத்திப் பார்த்து, முடிவு பெறாதவற்றைத் திரும்ப அழித்துவிடுகிறது. 1992இல் இந்த முறையைச் செம்மையாக எழுதி வெளியிட்டவர்களில் முதல் பெயர் மோகன். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து ஐ.பி.எம். ஸ்தாபனத்துக்குப் போனவர். உலகத்தின் பெரிய தரவுத்தளங்கள் பலவும் அவருடைய வழியைப் பின்பற்றுகின்றன. இந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மனிதன் கண்டுபிடித்த நேர்மையான காரியங்களில் இது ஒன்று என்றே சொல்லுவேன்.

என் சண்டை யந்திரத்தோடு அல்ல. அதன் நேர்மையை இரவல் வாங்கிக்கொண்டு பேசுகிறவர்களோடு.

முதலாவது, அந்த வாக்குறுதி எங்கே முடிகிறது என்பதை அவர்கள் சொல்லுவதில்லை. தரவுத்தளம் தனக்குள் இருக்கிற எண்களுக்குத்தான் ஜவாப்தாரி. அத்தையின் கணக்கில் கழித்ததை அது திரும்ப ஏற்ற முடியும். நோட்டுக் கற்றையை யந்திரத்தின் வாய்க்குள் இழுத்துக்கொள்ள முடியாது. வெளியே வந்ததா என்று பார்க்கவும் அதற்குக் கண் கிடையாது. ரூபாய் நோட்டு தருவது போன்ற காரியங்கள் தனி ஜாதி, செய்தபின் அழிக்க முடியாதவை என்று கிரே எப்போதோ பிரித்துச் சொல்லிவிட்டார். அப்படியானால் "ஸக்ஸஸ்" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? கணக்கில் கழித்தது ஸக்ஸஸ். கையில் கொடுத்தது அல்ல. அந்த இளைஞர் முன்னதைப் படித்துவிட்டுப் பின்னதைச் சொன்னார்.

இரண்டாவது, முரணின்மை. இந்தப் பெயரைக் கேட்டால் ஏதோ யந்திரம் உண்மையைப் பார்த்துக்கொள்ளும் என்று தோன்றும். பார்த்துக்கொள்ளாது. நீங்கள் சொல்லிக் கொடுத்த விதிகளுக்கு முரண் வராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று சொல்லியிருந்தால் போகவிடாது. சொல்ல மறந்திருந்தால் சந்தோஷமாக விட்டுவிடும். ஒரே காரியத்தைத் தவறுதலாக நாலு தடவை செய்தால் நாலும் பிளவாமல், முரணாமல், நிலையாகப் பதிவாகும். பொய்யையும் அது அதே சிரத்தையோடு காப்பாற்றும்.

மூன்றாவது, தனிமை. இங்கேதான் எஞ்சினீயர் அன்பர் என்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறார். புருஷனும் மனைவியும் ஒரே கணக்கில் பணம் போட்டிருக்கிறார்கள், இருப்பு பத்தாயிரம். அவர் தஞ்சாவூரிலும் அவள் திருச்சியிலும் ஒரே நிமிஷத்தில் எட்டாயிரம் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் இருப்பைப் படித்துப் "பத்தாயிரம் இருக்கிறது" என்று திருப்திப்பட்டு, பணத்தைக் கொடுத்து, "மீதி இரண்டாயிரம்" என்று எழுதிவிட்டால் பதினாறாயிரம் போய்விடும், கணக்கும் அழகாக இருக்கும். ஒருவர் வேலை முடிந்த பிறகே மற்றவர் வேலை நடந்தது போல விளைவு இருக்கவேண்டும் என்பதே பூரணத் தனிமை. ஆனால் அது வேகத்தைக் குறைக்கும். ஆகவே தனிமையில் படிகள் வைத்திருக்கிறார்கள். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் போன்ற பேர்போன தரவுத்தளங்கள் கடையிலிருந்து வருகிறபோது மேல்படியில் வருவதில்லை. கீழே ஒரு படியில் நின்றுகொண்டு வருகின்றன. வேண்டுமானால் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றாமலே மேல்படியில் நிற்பதாக எண்ணிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் உண்டு.

கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2014 மார்ச்சில் கனடாவில் ஃப்ளெக்ஸ்காயின் என்ற பிட்காயின் ஸ்தாபனம் இப்படித்தான் போயிற்று. எவனோ ஒருவன் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான மாற்றல் கோரிக்கைகளை அனுப்பினான். இருப்பு திருத்தப்படுவதற்கு முன் ஒவ்வொரு கோரிக்கையும் பழைய இருப்பைப் பார்த்துச் சம்மதித்தது. 896 பிட்காயின்கள் போயின, கடை மூடப்பட்டது. பூட்டை உடைக்கவில்லை, கடவுச்சொல்லைத் திருடவில்லை. வரிசையில் நிற்கவேண்டிய ஆட்களைக் கும்பலாக உள்ளே விட்டார்கள், அவ்வளவுதான். 2017இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இணையக் கடைகள் நடத்தப் பயன்படும் பன்னிரண்டு பிரபல மென்பொருள்களைச் சோதித்து, இதே இனத்தைச் சேர்ந்த 22 ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள்.

நிலைபேற்றைப்பற்றியும் ஒரு வார்த்தை. 2018இல் போஸ்ட்கிரெஸ் தயாரிப்பவர்களே திடுக்கிட்டுப்போன சங்கதி ஒன்று உண்டு. வட்டில் எழுத முடியவில்லை என்று லினக்ஸ் ஒரு தடவை சொல்லிவிட்டு, மறுபடி கேட்டால் "எல்லாம் எழுதியாயிற்று" என்று சொல்லிவிடக்கூடும் என்று தெரியவந்தது. இருபது வருஷமாக அந்த இரண்டாவது பதிலை நம்பியிருந்தார்கள். ஒப்புக்கொண்டு, திருத்தினார்கள். யோக்கியமான தொழிலாளிகள் அப்படித்தான் செய்வார்கள். "தப்பவே தப்பாது" என்பவர்கள் பட்டறையில் இருப்பவர்கள் அல்ல, வாசலில் நிற்கிறவர்கள்.

இதெல்லாம் காசுக் கணக்குதானே, இதற்கு இவ்வளவு ஆத்திரமா என்று கேட்பவர்களுக்காக இங்கிலாந்துக்குப் போகிறேன்.

அங்கே 1999இல் தபாலாபீஸ்களில் ஹொரைஸன் என்ற கம்ப்யூட்டர் முறையைப் புகுத்தினார்கள், நடத்தியது ஃபுஜிட்ஸு. கிராமத்திலும் கடைத்தெருவிலும் மளிகையோடு தபாலாபீஸும் நடத்துகிற சின்ன மனிதர்களின் திரையில் திடீர் திடீரென்று பற்றாக்குறை தோன்றிற்று. ஸ்காட்லாந்தில் ஃபால்கர்க் ஊர்க் கிளை ஒன்றில், ஒரு கவுண்டரில் நடந்தது அடுத்த கவுண்டருக்குத் தெரியாமல் போய் ஒரே மாற்றல் இரண்டு முறை ஏறிற்று. தனிமையும் முரணின்மையும் கெட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாடப்புத்தக உதாரணம். 2015இல் டால்மெலிங்டன் என்ற இடத்தில் 8,000 பவுன் பணம் வந்ததாகப் பதியும்போது திரை அசையாமல் நின்றுவிட, பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கியிருக்கிறார்கள். நாலு வரவாக, 32,000 பவுனாக ஏறிவிட்டது. வராத 24,000 எங்கே என்று யந்திரம் கேட்டது.

இப்படிக் கேட்கப்பட்டவர்களில் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? என் அத்தை செய்ததையே செய்தார்கள். தங்களைச் சந்தேகித்தார்கள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மறுபடி மறுபடி எண்ணினார்கள். வீட்டை அடகு வைத்துப் பற்றாக்குறையை நிரப்பினார்கள். உதவிக்குத் தொலைபேசினால், உங்கள் ஒருவருக்குத்தான் இந்தத் தொல்லை என்ற பதில் பலருக்குக் கிடைத்தது. 2015 வரையில் 900 பேருக்கு மேல் திருடர்கள், பொய்க் கணக்கு எழுதியவர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண் 2010இல் சிறைக்குப் போனபோது கர்ப்பிணி. 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கையின் முதல் பாகம், 13 பேராவது இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்கிறது.

வேல்ஸில் கடை வைத்திருந்த ஆலன் பேட்ஸ் என்பவர் விடாப்பிடியாக நின்று 555 பேரைச் சேர்த்து வழக்காடியதால்தான் 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேஸர் உண்மையை எழுதினார். யந்திரத்தில் பிழைகள் இருந்தன. வெளியில் இருந்துகொண்டே ஃபுஜிட்ஸு ஆட்கள் கிளையின் கணக்கில் பதிவுகளை நுழைக்க முடிந்தது. முடியவே முடியாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த தபால் ஸ்தாபனத்தின் வார்த்தை பொய்யாயிற்று. 2021இல் 39 பேரின் தண்டனையை அப்பீல் கோர்ட்டு ரத்துச் செய்தது. 2024இல் மற்றவர்களுக்காகப் பார்லிமெண்டே தனிச் சட்டம் போடவேண்டி வந்தது.

இதில் என்னை அதிகமாகச் சுடுவது ஒரு சின்னச் சட்ட விஷயம். கம்ப்யூட்டர் தந்த சாட்சியத்தைக் கோர்ட்டில் வைத்தால், அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டவேண்டும் என்று 1984ஆம் வருஷச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அநாவசியத் தொல்லை என்று அதை எடுத்துவிட்டார்கள். எந்த வருஷத்துச் சட்டத்தால்? ஹொரைஸன் வந்த அதே 1999ஆம் வருஷத்துச் சட்டத்தால். அதன் பிறகு யந்திரம் சரி என்பது அநுமானம். தப்பு என்று காட்டவேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர் பொறுப்பு. மளிகைக் கடைக்காரர் ஃபுஜிட்ஸுவின் சிட்டையை எங்கே போய்ப் பார்ப்பார்?

நம் நாட்டில் 2024 ஜூலை முதல் அமுலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழும், அதன் ஹாஷ் மதிப்பும் கேட்கிறது. நல்லதே. ஆனால் ஹாஷ் மதிப்பு என்ன சொல்லும்? இந்த நகலை யாரும் மாற்றவில்லை என்று சொல்லும். முதலில் பதிவானது உண்மைதானா என்று சொல்லாது. டால்மெலிங்டனின் 32,000 பவுனுக்கும் ஒரு குறையில்லாத ஹாஷ் மதிப்பு போட்டுத் தர முடியும்.

"எல்லாவற்றையும் சந்தேகித்தால் உலகம் நடக்குமா? என்னதான் செய்யச் சொல்லுகிறீர்கள்?" என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அன்பர் கேட்கிறார். அதிகம் ஒன்றும் இல்லை. "எங்கள் ஏட்டில் கழித்ததாக இருக்கிறது. யந்திரத்தில் உள்ள நோட்டை எண்ணிப் பார்த்துச் சொல்லுகிறோம்" என்று அந்த இளைஞர் சொல்லியிருக்கலாம். அதற்கு அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஸக்ஸஸ் என்ற சொல் திரையில் எந்த முடிச்சுக்குப் பிறகு தோன்றுகிறது என்பதை எஞ்சினீயர் பாங்கிக்காரருக்கும், பாங்கிக்காரர் ஜனங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். சிட்டை என்று ஒன்று இருக்கிறது. வழக்கு என்று வந்தால் அதைப் பார்க்கக் கணக்குக்காரனுக்கு உரிமை வேண்டும். தனிமையின் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாமல் ஒருவரும் பிறர் பணத்தைத் தொடக் கூடாது. கதை எழுதுகிறவன் இதைக் கேட்கக் கூடாது என்றால், யார் கேட்பது? ஃபால்கர்க்கில் கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் தெரிந்தவர்களாகவே இருந்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை.

அன்பர் எப்போதாவது மயிலாடுதுறைப் பக்கம் வந்தால் எனக்கு ஒரு வரி எழுதட்டும். அத்தையிடம் அழைத்துப் போகிறேன். காபி நன்றாக இருக்கும். கணக்குத் தப்பவே தப்பாது என்பதை அவளிடம் நேரிலேயே சொல்லட்டும்.